மீசை வைத்த பழைய மாணவி

எங்கள் பாடசாலை யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு பெண்கள் பாடசாலை. நான் படித்த காலத்தில் அந்த உயர்ந்த மதிலுக்குள்ளே கால் வைத்த ஆண்கள் மூன்று வகை. அதிபரின் அறைக்குக் கூப்பிடப்பட்டு வியர்த்துக்கொண்டு வந்த தகப்பன்மார், மின்விசிறி திருத்த வந்தவர்கள், பரிசளிப்பு விழாவில் நீளமாகப் பேசிய பிரதம விருந்தினர்கள். அப்படிப்பட்ட பாடசாலையின் பழைய மாணவிகள் சங்கத்தில், கொழும்புக் கிளையின் செயலாளர் பதவிக்கு, போன வருடம் ஓர் ஆண் போட்டியிட்டார். தடித்த மீசை, மூக்குக் கண்ணாடி, காப்புறுதிக் கம்பனியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என் கணவர். தான் போட்டியிடும் விடயம் அவருக்கே தெரியாது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் அவர் தன் பாட்டுக்கு ஒரு கதை சொல்லித் திரிவார். ஏற்கெனவே வெள்ளவத்தைச் சந்தைக்குள் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டார்.

மகள் மேற்படிப்புக்கு வெளிநாடு போனபோது, அவளோடு முகம் பார்த்துக் கதைப்பதற்காக இவர் ஒரு மின்னஞ்சல் கணக்குத் திறந்தார். தன் பெயரில், தன் படத்தோடு. அதையே என் போனிலும் போட்டுத் தந்தார். கொட்டாஞ்சேனையில் இருக்கும் தன் தங்கையின் போனிலும் போட்டுக் கொடுத்தார். அவளை நான் மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். அவளும் எங்கள் பாடசாலைதான், எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். "ஒரு குடும்பத்துக்கு ஒண்டு காணும். ஆளுக்கொண்டு திறந்தால் ஆர் நினைவு வைச்சிருக்கிறது?" என்பது இவருடைய கொள்கை. பாஸ்வேர்ட் இவருடைய தலைக்குள் இருந்தது. எழுதி வைக்கவும் விடமாட்டார், எங்களுக்குச் சொல்லவும் மாட்டார்.

அந்த ஒரு கணக்கு கொஞ்ச நாளில் எங்கள் எல்லோருக்கும் எல்லா வாசலையும் திறக்கத் தொடங்கியது. எந்தத் தளத்துக்குள் போனாலும் முதலில் ஒரு விசாரணை வைக்கிறார்கள் அல்லவா? பெயர், முகவரி, புதிய பாஸ்வேர்ட். அதில் ஒரு பெரிய எழுத்து, ஓர் இலக்கம், ஓர் ஆச்சரியக்குறி. அதற்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கும். 'உங்களிடம் உள்ள கணக்கைக் கொண்டு தொடருங்கள்' என்று. அதை அழுத்தினால் விசாரணை இல்லை, ஆச்சரியக்குறி இல்லை, நேரே உள்ளே போய்விடலாம். நான் அந்தப் பொத்தானைத்தான் அழுத்துவேன். சமையல் குறிப்புத் தளம், பல் வைத்தியரிடம் நேரம் குறிக்கும் செயலி, பஞ்சாங்கம், டாக்ஸி, தொடர் நாடகம் எல்லாவற்றுக்கும் அதே பொத்தான்தான்.

அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நாங்கள் கொழும்புக்கு வந்த புதிதில் அதே பொத்தானை அழுத்தித்தான் வீடு எடுத்தோம்.

கலியாணம் முடித்துக் கையோடு வந்திருந்தோம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் மேல்மாடி அறையொன்று வாடகைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். வீட்டுக்கார அம்மா கேற்றைத் திறக்காமலே கேட்டார்: "கொழும்பில ஆரைத் தெரியும்?" இவர் தன் கந்தோரில் இருந்த ஒரு மூத்த அலுவலரின் பெயரைச் சொன்னார். அந்த அம்மாவுக்கு அவரைத் தெரியும். உள்ளே போய் அவருக்கு ரெலிபோன் எடுத்தார். நாங்கள் வெளியே பெட்டியோடு வெயிலில் நின்றோம். அந்தப் பக்கம் என்ன சொல்லப்பட்டது என்பதை அம்மா திரும்பி வந்து எங்களுக்கே சொல்லிக் காட்டினார். "ஓம், தெரிஞ்ச ஆக்கள்தான், நல்ல குடும்பம் எண்டு சொல்லுறார். வாங்கோ." அவ்வளவுதான். அந்த அலுவலர் தன் வீட்டுப் பூட்டின் திறப்பை இந்த அம்மாவிடம் கொடுக்கவில்லை. எங்கள் சம்பளத்தையோ சாதகத்தையோ சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொன்னார், கேற் திறந்தது.

இணையத்திலும் இதுவேதான். தளம் வீட்டுக்கார அம்மா. பெரிய கணக்கு அந்த மூத்த அலுவலர். 'இந்த ஆளைத் தெரியுமா?' என்று தளம் கேட்க, 'ஓம், எங்கட ஆள்' என்று கணக்குச் சொல்லும். பாஸ்வேர்ட் கை மாறுவதில்லை. ஆனால் ஆளைத் தெரியும் என்று சொல்லும்போது ஆளின் பெயரும் படமும் மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்தே போகின்றன. அதை நான் யோசிக்கவில்லை. வெள்ளவத்தை வீட்டுக்கார அம்மாவும் என் பெயரைக் கேட்கவில்லைதானே. இவருடைய மனைவி என்ற அளவில் நானும் பெட்டியும் சேர்ந்து உள்ளே போனோம்.

ஆகவே பல் வைத்தியரின் தளத்தில் நான் மீசை வைத்த ஆள். சமையல் தளத்தில் கத்தரிக்காய்ப் பால்கறிக்கு உப்புக் கூட என்று குறை எழுதியவரும் மீசைக்காரர்தான். நான் எதைத் தேடினாலும் அதற்கு விளம்பரம் இவருடைய போனுக்குப் போகும். சேலைக்கு ஃபோல்ஸ் தைப்பவர்கள், நரை மறைக்கும் மை, பெண்களின் எலும்புக்கு உகந்த கல்சியம் குளிசை. "இவங்கள் என்னை என்னெண்டு நினைச்சாங்கள்?" என்று இவர் அடிக்கடி கோபப்படுவார். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இனிச் செயலாளர் கதைக்கு வருகிறேன்.

சங்கத்தில் நான் உதவிச் செயலாளர். எத்தனை வருடமாக என்று கேட்காதீர்கள், எனக்கே எரிச்சல் வரும். கூட்டக் குறிப்பு எழுதுவது நான். மண்டபம் பதிவது நான். கூட்டத்துத் தேநீருக்கு ரோல்ஸ் எத்தனை, பற்றிஸ் எத்தனை என்று கடைக்குச் சொல்வது நான். மழை பெய்தால் ஆர் வரமாட்டார்கள் என்பதும் எனக்குத்தான் தெரியும். செயலாளராக இருந்தவர் நல்லவர். கையெழுத்து மட்டும் வைப்பார். போன வருடம் அவர் மகனோடு போயிருக்க அவுஸ்திரேலியாவுக்கு வெளிக்கிட்டார். அந்த இடம் வெறுமையானது.

எனக்கு அந்த இடம் வேண்டும் என்று இருந்தது. இதை மறைத்து, தொண்டு செய்யத்தான் விரும்பினேன் என்றெல்லாம் எழுதினால் என் கூட்டாளிகள் வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அந்த வருடாந்த விழா அழைப்பிதழின் கீழ்மூலை வேண்டும். அதில் 'செயலாளர்' என்று இருக்கும், அதன் மேல் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர் என் பெயராக இருக்க வேண்டும். 'திருமதி' போட்டு இவருடைய பெயரை எழுதி அது நான்தான் என்று வைத்துக்கொள்வது அல்ல, அம்மாவும் அப்பாவும் எனக்கு வைத்த பெயர். ஏனென்றால் அந்தப் பெயர் கடைசியாக அச்சில் வந்தது எங்கள் கலியாண அழைப்பிதழில். அதன் பிறகு மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், பிளாட்டின் உறுதிப் பத்திரம், என் போனின் சிம் எல்லாம் இவர் பெயர். இவர் பறித்துக்கொண்டார் என்று சொல்லவில்லை. கியூவில் நிற்பவர் இவர் என்பதால் இவர் பெயரே விழுந்தது. ஆனாலும் ஆசை ஆசைதானே.

போட்டிக்கு இன்னொருவர் நின்றார். என்னிலும் இளையவர், ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு, மேடையில் ஏறினால் சனம் கேட்கும். நல்ல மனிசியும்கூட. அதுதான் கரைச்சல். கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

முன்பெல்லாம் தேர்தல் என்றால் மண்டபத்தில் கையை உயர்த்துவதுதான். இந்த முறை சங்கத்துக்கு ஒரு தளம் செய்திருந்தார்கள். செய்தவள் என் வகுப்புத் தோழி. வங்கியில் கணினிப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்று வத்தளையில் இருக்கிறாள். தளத்தில் பதிந்தவர்கள் மட்டுமே போட்டியிடலாம், முன்மொழியலாம், வழிமொழியலாம், வாக்குப் போடலாம். நான் தளத்தைத் திறந்தேன். விசாரணை வந்தது. கீழே என்னுடைய பழைய சிநேகிதப் பொத்தான் இருந்தது. அழுத்தினேன். 'மீண்டும் வருக' என்றது தளம். முதல் தடவை வருபவளுக்கு எதற்கு மீண்டும் வருக என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, மரியாதை தெரிந்த தளம் என்று நினைத்துக்கொண்டு மேலே போனேன்.

என்னை முன்மொழிந்தவள் மச்சாள். கொட்டாஞ்சேனையில் இருந்தபடியே தன் போனில் அதை முதல் நாளே செய்துவிட்டாள். தளம் எனக்கு 'மீண்டும் வருக' சொன்னது அதனால்தான். வழிமொழிந்தவர் எங்கள் பிளாட்டில் மேல்மாடியில் இருக்கும் அக்கா. எண்பதைத் தாண்டியவர், எங்கள் பாடசாலையில் வலைப்பந்து விளையாடியவர், இன்றைக்கும் லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் எனக்கு முன்னால் படியேறிவிடுவார். அவரிடம் இருப்பது பொத்தான் போன். ஆகவே அவரை என் கதிரையில் இருத்தி, என் போனைக் கையில் கொடுத்து, "அக்கா, நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, இதில விரலை மட்டும் வையுங்கோ" என்றேன். அக்கா விரலை வைத்தார். எல்லாம் முடிந்தது. தேநீர் குடித்தோம்.

மறுநாள் சனிக்கிழமை காலை தோழி போன் எடுத்தாள். எடுத்தவள் கதைக்கவில்லை. மூச்சுவிட ஏலாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எடியே," என்றாள் கடைசியில், "உன்ர மனிசன் எங்கட பள்ளிக்கூடத்தில எந்த வருசம் படிச்சவர்?"

"என்னடி விசர்க் கதை?"

"படம் அனுப்பியிருக்கிறன், பார்."

பார்த்தேன். வேட்பாளர்: இவர். முன்மொழிபவர்: இவர். வழிமொழிபவர்: இவர். மூன்று பெட்டி, மூன்று மீசை. தன்னைத் தானே முன்மொழிந்து தன்னைத் தானே வழிமொழியும் துணிச்சல் எங்கள் நாட்டு அரசியல்வாதிகளுக்குக்கூட இதுவரை வரவில்லை.

நானும் சிரித்தேன். சிரித்து முடியுமுன் அவள் குரல் மாறியது. "பகிடி ஒரு பக்கம். இது செல்லாதடி. ஒரே ஆள் மூண்டு இடத்தில நிக்கேலாது எண்டு தடுக்க நான் மறந்துபோனன், அது என்ர பிழை. ஆனா இப்ப கண்ட பிறகு விடேலாது. பின்னேரம் அஞ்சு மணிக்கு நியமனம் மூடுது. அதுக்குள்ள நீங்கள் மூண்டு பேரும் ஆளுக்கொரு கணக்கில வரவேணும். இல்லாட்டி மற்றவ போட்டியில்லாமல் செயலாளர்."

"நீயே உள்ளுக்க மாத்திவிடேலாதோ?"

"ஏலும். ஆனா நான் உன்ர வகுப்பு எண்டு எல்லாருக்கும் தெரியும். நீயே வெல்லு."

இத்தனை வருடம் ரோல்ஸ் எண்ணியவள், ஒரு பொத்தானால் தோற்பதா?

இவர் விறாந்தைக் கதிரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். விடயத்தைச் சொன்னேன். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மீசையைத் தடவிக்கொண்டு, "அப்ப நிண்டால் நான் வெல்லுவனோ?" என்றார்.

"இஞ்சருங்கோ, எனக்கு இப்ப பகிடிக்கு நேரமில்லை. நான் தனிக் கணக்குத் திறக்கப்போறன்."

"என்னத்துக்குத் தனிக் கணக்கு? இருக்கிறதில பேரையும் படத்தையும் மாத்திவிட்டால் சரிதானே."

"சரி. மாத்துங்கோ. என்ர பேரைப் போடுங்கோ, என்ர படத்தைப் போடுங்கோ."

அவர் போனைக் கையில் எடுத்தார். விரல் நின்றுவிட்டது. அவருடைய பென்ஷன், காப்புறுதி, கூட்டாளிகளோடு போட்ட கிரிக்கெட் குழு எல்லாவற்றிலும் என் முகம் வரும் என்பது அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது. "அப்ப நான் ஆர்?" என்று கேட்டார்.

"உமக்குப் பாஸ்வேர்ட் நினைவு நிக்காது, அதுக்குத்தான் சொல்லுறன்," என்றார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. சங்கத்தின் அங்கத்தவர்கள் அவ்வளவு பேரின் பெயர், பிள்ளைகளின் நாடு, ஆருக்குச் சீனி போடாத தேநீர் என்று எல்லாம் தலைக்குள் வைத்திருக்கும் என்னிடமா இந்தக் கதை? மூக்கு நுனியில் கோபம் வந்தது எனக்கு. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனைத் திறந்தேன்.

ஒரு தேங்காய் துருவும் நேரம்கூட ஆகவில்லை. 'உங்கள் பெயர்' என்று கேட்டது. முதலில் அப்பாவின் முதலெழுத்து, பிறகு என் பெயர். அடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகான பெயர்தான். படம் கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டேன். என் போனில் ஆயிரம் படம் இருக்கிறது, நான் தனியாக நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் பக்கத்தில் இவர், அல்லது மகள், அல்லது கேக். கடைசியில் ஒரு கலியாண வீட்டுப் படத்தை வெட்டி எடுத்தேன். எவ்வளவு வெட்டியும் ஓரத்தில் இவருடைய தோள்மூட்டுக் கொஞ்சம் வந்துகொண்டே இருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டு, அந்தக் கணக்கால் சங்கத்தின் தளத்தில் புதிதாகப் பதிந்தேன்.

பிறகு மேல்மாடிக்குப் போனேன். அக்காவுக்கு என் போனில் கணக்குத் திறந்தேன். உறுதி செய்யும் இலக்கம் அவருடைய பொத்தான் போனுக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. அக்கா அதைத் திருமுறை ஓதுவது போல உரத்து வாசித்தார். கீழ்மாடிக்கும் கேட்டிருக்கும். "பாஸ்வேர்ட் என்ன போட, அக்கா?" என்றேன்.

அக்கா என் கையில் இருந்து போனை வாங்கினார். சுவர்ப் பக்கம் திரும்பினார். போனையும் கையையும் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

"எனக்குமோ சொல்லமாட்டியள்?"

"உனக்கும் சொல்லமாட்டன் பிள்ளை. இப்பதானே ஒண்டு என்ர எண்டு கிடைச்சிருக்கு."

அக்காவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தேன்.

மிச்சம் மச்சாள். போனில் சொல்லிச் செய்ய முயன்றோம், முடியவில்லை. "அண்ணன்ர கணக்கைக் கழட்டினால் படமெல்லாம் அழிஞ்சிடுமாம் மச்சாள், அண்ணன்தான் சொன்னவர்," என்று அழாத குறையாக நின்றாள். பேரப்பிள்ளையின் படமெல்லாம் அதற்குள் இருக்கிறது. இதைத் தொலைபேசியில் தீர்க்க ஏலாது என்று கண்டு, டாக்ஸி செயலியில் கொட்டாஞ்சேனைக்கு ஓர் ஓட்டோ கூப்பிட்டேன். கைப்பழக்கத்தில் பழைய கணக்கிலேயே கூப்பிட்டுவிட்டேன். ஓட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்று கூப்பிடும் வயதுக்காரர். போனில் இருந்த மீசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மாத்தயா கோ?"

ஐயா எங்கே என்கிறார். "மாத்தயா ஆவே நே," என்றேன் ஏறி உட்கார்ந்தபடி. ஐயா வரவில்லை. "மம தமய் மாத்தயா."

நான்தான் ஐயா என்றதைக் கேட்டு அந்த மல்லி காலி வீதி முழுக்கச் சிரித்துக்கொண்டு ஓட்டினார். புறக்கோட்டை நெரிசலில் ஓட்டோ நின்ற இடத்திலேயே நின்றபோது, "மாத்தயாவுக்கு அவசரமா?" என்று சிங்களத்தில் கேட்டார். சரியான அவசரம் என்றேன். அதற்குப் பிறகு அவர் புகுந்து போன சந்துகள் எனக்கு இதுவரை தெரியாதவை. மார்பிள் குண்டு உருண்டது போலக் கொட்டாஞ்சேனையில் போய் விழுந்தோம்.

மச்சாள் கோயில் வீதிப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். வாசலிலேயே போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், யாரோ பறிக்க வருவது போல. வாங்கிப் பார்த்தேன். அட, எதையும் கழற்றவே தேவையில்லை. அண்ணனுடைய கணக்கு அதன் பாட்டுக்கு இருக்க, பக்கத்தில் இன்னொன்று சேர்க்கலாம். இரண்டும் ஒரே போனில் சண்டை பிடிக்காமல் இருக்கும். இதை இவர் ஏன் அவளுக்குச் சொல்லவில்லை என்றால், இவருக்கும் தெரியாது. அவ்வளவுதான்.

"அண்ணன் கோவிப்பாரோ மச்சாள்?"

"அவர் இப்பவே கோவிச்சுக்கொண்டு பத்திரிகையைத் தலைகீழாப் பிடிச்சு வாசிக்கிறார். நீங்கள் உங்கட பேரை அடியுங்கோ."

அவள் அடித்தாள். அடித்த கையோடு சங்கத்தின் தளத்துக்குப் போய், அதே பொத்தானை அழுத்தினாள். இந்த முறை தளம் 'மீண்டும் வருக' என்று சொல்லவில்லை. 'வருக' என்று அவளுடைய பெயரைச் சொன்னது. மச்சாள் அதை எனக்குக் காட்டினாள், பிறகு தானே இன்னொரு தரம் பார்த்தாள். என்னை முன்மொழிந்தாள். முன்மொழிந்த பிறகுதான் வழிமொழியலாம் என்பதால் வெள்ளவத்தையில் அக்கா காத்திருந்தார். இவரே மேல்மாடிக்கு ஏறிப்போய்த் தன் போனில் அக்காவின் கணக்கைச் சேர்த்து, அவரை வழிமொழிய வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அங்கேயும் அக்கா சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான் பாஸ்வேர்ட் அடித்தாராம். "என்னைக்கூட நம்பேல்லை அந்த மனிசி," என்று இவருக்கு இன்றும் மனக்குறை.

கோயில் மணி ஐந்து அடிக்க முன்னமே தோழியின் செய்தி வந்தது. 'மூண்டு பேரும் வந்திட்டியள். மீசையை அழிச்சாச்சு.' மச்சாளும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவள் பொரித்து வைத்திருந்த மீனை நின்றபடியே சாப்பிட்டேன். அன்றைய மீனின் ருசி வேறு.

தேர்தலில் வென்றேன். நூலிழையில்தான். தோற்றவர் முதல் ஆளாக வாழ்த்துச் சொன்னார்; நல்ல மனிசி என்று முன்பே சொன்னேனே. இப்போது உதவிச் செயலாளர் அவர்தான். பற்றிஸ் எண்ணப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

என்னுடைய சாமான்களை ஒவ்வொன்றாகப் புதிய கணக்குக்கு மாற்றினேன். இவருடைய போனுக்குக் கல்சியம் குளிசை வருவது நின்றது. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தார். மூன்றாம் நாள், "எனக்கு இப்ப ஒண்டும் வாறேல்லை," என்றார். பார்த்தால், அந்தக் கணக்கில் நடமாடியதெல்லாம் அநேகமாக நான்தான். நான் வெளியே வந்த பிறகு அதற்குள் கிரிக்கெட்டும் காப்புறுதியும் மட்டும் இருந்தன. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவரிடம் காட்டவில்லை.

விழா நாள் வந்தது. வெள்ளவத்தையில் மண்டபம். அழைப்பிதழின் கீழ்மூலையில் என் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு. அச்சகத்தில் இருந்து வந்த முதல் பிரதியை யாருக்கும் காட்டாமல் அலுமாரிக்குள் சேலைகளுக்கு இடையில் வைத்திருக்கிறேன். இவருக்கு அன்றைக்கென்று பார்த்துத் தடிமன், இருமல், காய்ச்சல். வீட்டிலே இருங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகத் தளத்தில் நேரலை போட்டிருந்தோம், அங்கத்தவர்களுக்கு மட்டும்.

மங்கள விளக்கேற்றச் சற்று முன்னர் போன் அடித்தது. இவர்தான்.

"இஞ்சருமப்பா, என்னை உள்ளுக்கு விடுதில்லை. அங்கத்தவர் மட்டுமாம்."

"உங்களைத்தானே அழிச்சாச்சு."

"நீர் மேடையில நிக்கிறதை நான் பார்க்க வேண்டாமோ?" இருமலுக்குள் அந்தக் குரல் சின்னப் பிள்ளையினுடையது போல இருந்தது. எனக்கு மனம் இளகிப் போனது.

"என்ர முகவரியை அடியுங்கோ. பாஸ்வேர்ட் கேக்காது. என்னட்டைத்தான் கேக்கும்."

போனை வைத்தேன். சற்றைக்கெல்லாம் திரையில் எழும்பியது: 'வேறொரு கருவியில் இருந்து ஒருவர் உங்கள் கணக்கில் நுழைய முயல்கிறார். அது நீங்கள்தானா?' கீழே இரண்டு பொத்தான். இல்லை. ஓம், நான்தான்.

கலியாணம் முடித்த நாளில் இருந்து நான் இவருடைய பெயரில் நுழையாத வாசல் இல்லை. ஒரு பின்னேரம் அவர் நானாக இருந்தால் என்ன? ஆனாலும் உடனே அழுத்தவில்லை. நாங்கள் அன்றைக்குப் பெட்டியோடு வெயிலில் நின்றதுபோல, கேற் வாசலில் கொஞ்சம் நிற்கட்டும் என்று விட்டேன். முதல் திரி பற்றியதும் 'ஓம், நான்தான்' என்பதை அழுத்திவிட்டு மேடைக்கு ஏறினேன்.

செயலாளர் அறிக்கையை வாசித்து முடித்து இறங்கினேன். தோழி கணினிக்கு முன்னால் இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாள். நேரலைக்குப் பக்கத்தில் அங்கத்தவர்கள் எழுதும் செய்திகள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் என் பெயர், என் படம், ஓரத்தில் ஒரு தோள்மூட்டு. 'அறிக்கை மிக அருமை. சேலையும் நல்ல பொருத்தம்' என்று நானே என்னைப் பாராட்டி எழுதியிருந்தேன்.

"எடியே, நீ மேடையில நிண்டனி. இது ஆர் உள்ளுக்க வந்திருக்கிறது?" என்றாள் தோழி. "வெளியில போடட்டோ?"

"வேண்டாம், விடு," என்றேன். "தெரிஞ்ச ஆள்தான். நல்ல குடும்பம்."